மழையின் மொத்தம்

எங்கள் லயத்துச் சனங்கள் மழைக்குப் பயப்படுவதை விட்டுவிட்டு சைரன்மேல் கோபப்படத் தொடங்கியிருந்த காலம் அது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது.

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் தேயிலை மலை செங்குத்தாக நிற்கும். மேலே பழைய கான் ஒன்று இடிந்துபோய், அதில் ஓட வேண்டிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, இது மண்சரிவு வரக்கூடிய இடம், பெருமழை பெய்தால் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று சொல்லிப் போனார்கள். வேறு வீடு தருவதாகவும் சொன்னார்கள். அது அப்போது பேச்சளவில்தான் இருந்தது. அதற்கிடையில் ஏதோ ஒரு உதவித் திட்டத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பம் ஒன்றை நட்டார்கள். அதில் ஒரு மழைமானி, ஒரு சாம்பல் நிறப் பெட்டி, வெயிலில் பேட்டரி ஏற்றுகிற தகடு, உச்சியில் சைரன். ஒரு நாளுக்குள் பெய்கிற மழை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் சைரன் ஊதும். ஊதினால் லயத்தில் உள்ளவர்கள் எதிர் மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

அந்தப் பெட்டியைச் செய்தது கொழும்பில் உள்ள ஒரு சின்னக் கம்பனி. பெட்டி எங்கள் தோட்டத்துக்கு வந்த பிறகுதான் நான் அந்தக் கம்பனியில் சேர்ந்தேன். பெட்டிக்குள் ஓடுகிற கணினி நிரலை எழுதியவர் அதற்கு முன்பே வெளிநாடு போய்விட்டார். நான் ஹட்டன் டவுனில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு அவர்களுக்கு வேலை செய்கிறேன். இந்த விவரமெல்லாம் எங்கள் லயத்தில் யாருக்கும் தேவையாக இருக்கவில்லை. அவர்களுக்கு அது நான் செய்த மிஷின். அதை எங்கள் அம்மாவே சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் தடவை சைரன் ஊதியபோது எல்லாரும் ஓடினார்கள். பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். வெளியே தூறல்தான். கொஞ்ச நேரத்தில் அதுவும் விட்டுவிட்டது. இரண்டாவது தடவையும் அப்படியே. அடுத்த தடவை பாதிப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த தடவை, என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த தோழி ஒருத்தியும், அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போன சில வயசானவர்களும் மட்டும்தான். எங்கள் அம்மா அன்று அசையவே இல்லை. ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாராம். கூப்பிட வந்த தோழியிடம், "எம் மக செஞ்ச மிஷினு, அவளப் போலவே தொணதொணன்னு கத்திக்கிட்டுக் கெடக்கு. நீ போ புள்ள" என்று சொல்லியிருக்கிறார்.

தோழி தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்குப் பொறுப்பாக இருப்பவள். கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் எல்லாரும் அவளை நம்பித்தான் போவார்கள். அதனாலேயே லயத்து அனர்த்தக் குழுவுக்கும் அவளைத் தலைவியாக்கியிருந்தார்கள். சைரன் ஊதினால் கதவு கதவாகத் தட்டி ஆட்களை வெளியே எடுப்பது அவள் வேலை. கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அந்தக் கடைசித் தடவைக்கு மறுநாள் எனக்குப் போன் எடுத்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"நாளைக்கு வந்து அந்தப் பொட்டியக் கழட்டிக்கிட்டுப் போயிரு. இல்லாட்டி நானே வயர வெட்டிருவேன்."

நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை.

"பொய்யா ஊதி ஊதி, நெசமா ஊதுற அன்னைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. அன்னைக்கு நான் யாரு வீட்டு வாசல்ல போய் நிக்கிறது? நீ ஹட்டன்ல இருப்ப. இங்க நாங்கதான் இருக்கோம்."

இரண்டு கிழமை தா, நானே வந்து பார்க்கிறேன் என்றேன். ஒரு கிழமை, ஏழு நாள்தான் என்றாள்.

கொழும்பில் எங்கள் முதலாளியோடு சிங்களத்தில் பேசினேன். நல்ல மனிதர், ஆனால் பிழை என்று யாராவது சொன்னால் முதலில் சுலபமான வழியைத்தான் தேடுவார். அதே பெட்டி எங்கள் கம்பனிக் கந்தோர் மேசையில் மாதக் கணக்காக ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது, ஆகவே நிரலில் பிழை இருக்காது, மழைமானிக்குள் பூச்சியோ இலையோ விழுந்திருக்கும், வரம்பைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் சரியாகிவிடும் என்றார். வரம்பை மட்டும் தொட வேண்டாம் என்று நான் சொன்னேன். வரம்பை உயர்த்தினால் பொய்ச் சத்தம் குறையும், உண்மையான சத்தம் பிந்தி வரும். அந்தப் பிந்துகிற நேரத்தில் லயத்துக்குள் இருக்கப்போவது எங்கள் அம்மா. அதையும் சொன்னேன். என்ன வேண்டும் என்று கேட்டார். பெட்டிக்குள் இருக்கிற சிப்போடு லெப்டொப்பை இணைக்கிற சின்னக் கருவியையும் கேபிளையும் கேட்டேன். மாற்று பேட்டரி ஒன்றையும் சேர்த்து பஸ்ஸில் போட்டுவிட்டார்.

பிழையைக் கண்டுபிடித்துவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என்னோடு வேலை செய்கிறவர்களில் பலர் நிரலில் பிழை என்றதும் ஊகிக்கத் தொடங்குவார்கள். இதுவாக இருக்கும், அதுவாக இருக்கும் என்று நாலு இடத்தில் மாற்றி வைத்துவிட்டு ஓடவிட்டுப் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் நிரலை அடி அடியாக ஓட்டிக் காட்டுகிற டீபக்கரைத் திறந்து, வாட்ச் விண்டோவைப் பெரிதாக இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். திரையின் ஓரத்தில் வருகிற ஒரு சின்ன அட்டவணைதான் அது. நிரலுக்குள் எண்களைப் பிடித்து வைத்திருக்கிற மாறிகளின் பெயர்களை அதில் எழுதினால், அந்த நொடியில் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று எதிரே காட்டும். எண் மாறினால் சிவப்பாகும். நிரல் ஓட ஓட அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எங்கே மாறக் கூடாதது மாறுகிறதோ, எங்கே மாற வேண்டியது மாறாமல் நிற்கிறதோ, அங்கே பிழை இருக்கும். கண்ணுக்கு முன்னால் நடப்பதைப் பார்க்க முடிகிறபோது எதற்கு ஊகிக்க வேண்டும்?

குறித்த நாளில் காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விட்டேன். மூன்று நாளாக மலை முழுக்க மூடுபனி. கொடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை என்று அம்மா புலம்பிக்கொண்டிருந்தார். ஆட்கள் பேர் பதிகிற பெரட்டு முடிந்து மலைக்கு ஏறிவிட்டதால் மடுவம் காலியாக இருந்தது. கொழுந்து நிறுக்கிற மேசையில் லெப்டொப்பை வைத்து, பெட்டியைத் திறந்து கேபிளைச் செருகினேன். தோழி பிள்ளை மடுவத்தை உதவிக்காரியிடம் விட்டுவிட்டு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு தூணோரமாக நின்றாள்.

முதலில் சைரனுக்குப் போகிற வயரைக் கழற்றினேன். சோதிக்கிறபோது அது ஊதினால் சனம் என்னையே அடிக்க வரும். வயரை அவளிடம் காட்டி, இது கழன்று இருக்கிற வரைக்கும் லயத்துக்கு சைரன் இல்லை, நீதான் சைரன் என்றேன். அவள் கழுத்தில் கிடந்த விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

நிரல் கணக்கு வைக்கிற விதத்தை அவளுக்கு விளக்கினேன். மழைமானிக்குள் சீசோ போல ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. ஒரு பக்கம் நிரம்பினால் சாயும், சாய்கிறபோது பெட்டிக்கு ஒரு துடிப்பு போகும். பெட்டி அதை அந்த மணித்தியாலத்துக்கான கட்டத்தில் சேர்க்கும். ஒரு நாளின் மணித்தியாலத்துக்கு ஒவ்வொன்றாக வரிசையாக இருபத்துநாலு கட்டங்கள். அதோடு மொத்தம் என்று தனியாக ஒரு மாறி. புது மழை வந்தால் மொத்தத்தில் கூட்டும். ஒரு கட்டம் ஒரு நாளுக்குப் பழசாகிவிட்டால் அதில் இருக்கிறதை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு, கட்டத்தைக் காலியாக்கும். நிரலில் ஆங்கிலப் பெயர்கள்தான் இருந்தன. வாட்ச் விண்டோவில் மேலே மொத்தத்தையும் அதற்குக் கீழே கட்டங்களையும் வரிசையாகப் போட்டு, எது எது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"நான் ஏணியில ஏறித் தண்ணி ஊத்துறேன். நீ எண்ண வாசி."

நிரலைப் புதிதாக ஏற்றியபோது பெட்டிக்குள் கிடந்த பழைய எண்கள் அழிந்துவிட்டன. எல்லாம் சைபரிலிருந்து தொடங்கியது. நான் ஏணியில் நின்று ஒரு ஜக்கிலிருந்து மெதுவாக மழைமானிக்குள் தண்ணீர் ஊற்ற, அவள் கீழே இருந்து வாசித்தாள். மொத்தம் இருபது. கட்டம் இருபது. மொத்தம் நாற்பது, கட்டம் நாற்பது. ஒவ்வொரு எண்ணும் சிவப்பாகிச் சிவப்பாகி அடங்கியது. அறுபத்திரண்டில் நிறுத்தினேன். இறங்கி வந்து, வாட்ச் விண்டோவிலேயே மணியைக் கையால் மாற்றி முன்னுக்குத் தள்ளினேன். அதில் எண்களைப் பார்க்கலாம், வேண்டுமென்றால் மாற்றியும் எழுதலாம். ஒரு முழு நாளைக் கொஞ்ச நேரத்தில் ஓட்டினோம். கட்டம் பழசாகியது, காலியானது, மொத்தமும் சரியாகச் சைபருக்கு இறங்கியது. திரும்ப ஊற்றினேன், திரும்ப அறுபத்திரண்டு. ஒவ்வொரு தடவையும் சைபருக்கு இறக்கிவிட்டு வேகமாக ஊற்றிப் பார்த்தேன், சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பார்த்தேன், கடைசியாகவும் அறுபத்திரண்டில் நிறுத்தினேன். ஒரு பிழையும் இல்லை.

இப்படியே காலை போனது. கொழுந்து நிறுக்க ஆட்கள் இறங்கி வந்தார்கள். மேசையை ஒரு ஓரமாகத் தள்ளிக்கொண்டு நாங்கள் தொடர்ந்தோம். ஏணியில் நின்று வானத்துக்குப் பதிலாக நான் மழை பெய்விப்பதைப் பார்த்து அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். தோழி சிரிக்கவில்லை.

"எல்லாம் சரியாத்தான இருக்கு. அப்ப பிழை எங்க இருக்கு?"

"இருக்கு. நாம இன்னும் அதுக்கு எடம் குடுக்கல" என்றேன். சும்மா அவளைத் தேற்றச் சொன்னதில்லை. நாலு தடவை தூறலில் ஊதிய பெட்டி அது. நான் ஊற்றிய தண்ணீரில் இல்லாத ஏதோ ஒன்று அந்த நாட்களில் இருந்திருக்க வேண்டும்.

மத்தியானம் ஆனபோது பனி கீழிருந்து ஏறி மடுவத்துக்குள்ளேயே வந்துவிட்டது. எதிர் மேட்டில் பள்ளிக்கூடம் மறைந்துபோனது. நான் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து எதைப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வாட்ச் விண்டோவில் எல்லா எண்களும் மங்கிப்போய், தொடர்பு அறுந்தது என்று ஒரு செய்தி வந்தது. பெட்டிக்குள் எரிந்துகொண்டிருந்த சின்னப் பச்சை விளக்கும் அணைந்திருந்தது.

"செத்துப்போச்சா?" என்றாள் தோழி.

பேட்டரி தீர்ந்திருந்தது. மூன்று நாளாக வெயில் இல்லாததால் தகடு ஒன்றும் ஏற்றவில்லை. வழக்கமாக இரண்டு துடிப்புக்கு நடுவில் தூங்கிவிடுகிற பெட்டியை, என் கேபிள் காலையிலிருந்து தூங்கவிடாமல் வைத்திருந்தது. பஸ்ஸில் வந்த மாற்று பேட்டரியை எடுத்துப் பொருத்தினேன். பச்சை விளக்கு வந்தது. லெப்டொப்பைத் திரும்ப இணைத்துவிட்டு, கம்பத்தில் தகட்டின் வயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். போகிறபோது, எண்கள் வந்துவிட்டனவா என்று பார்த்து வாசிக்கச் சொன்னேன்.

அவள் வாசித்தாள். "மேல மொத்தம் அறுபத்திரண்டு அப்படியே நிக்குது." கொஞ்சம் நிறுத்தினாள். "கீழ எல்லாம் சைபர்."

நான் கம்பத்தைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். திரும்ப வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து வாசித்தாள். சைபர், சைபர், சைபர். ஓடிவந்து பார்த்தேன். அவள் வாசித்தது சரி.

நிரலை எழுதியவர் மொத்தத்தை மட்டும் நிலையான நினைவகத்தில் எழுதி வைத்திருந்தார். பெட்டி அணைந்து எழுந்தாலும் அது அழியாது. கட்டங்களை அப்படி எழுதி வைக்கவில்லை. அவை ஒவ்வொரு தடவையும் காலியாகத்தான் எழும். காலிக் கட்டத்திலிருந்து கழிக்க என்ன இருக்கிறது? அதனால் அணைவதற்கு முன்னால் பெய்த மழை மொத்தத்துக்குள்ளேயே தங்கிவிடும். நாளைக்கும் இறங்காது, அடுத்த கிழமையும் இறங்காது. வெயில் வராத ஒவ்வொரு பனிக்காலத்திலும் பேட்டரி தீரும், பெட்டி அணையும், இன்னும் கொஞ்சம் பழைய மழை அதில் சேரும். கடைசியில் ஒரு தூறல் விழுந்தால் போதும், வரம்பு தாண்டிவிடும். கொழும்புக் கந்தோர் மேசையில் பெட்டி சுவர்க் கரண்டில் ஓடியது. அங்கே பனியும் இல்லை, அது அணைந்ததும் இல்லை. அதனால் அங்கே ஒருநாளும் இந்தப் பிழை வெளியே வரவில்லை.

இதைத் தோழிக்குச் சொன்னேன். அவள் எண்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப அது போன மாசத்து மழைக்கு இந்த மாசம் ஊதியிருக்கு" என்றாள். ஆமாம் என்றேன். அன்று அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

திருத்துவது பெரிய வேலையில்லை. மொத்தம் என்று தனியாக ஒன்றை வைத்துக்கொள்கிற பழக்கத்தையே நிரலிலிருந்து எடுத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கட்டங்களைக் கூட்டித்தான் மொத்தம் வரும். கட்டங்களையும் அவற்றுக்குரிய மணியையும் நிலையான நினைவகத்தில் எழுத வைத்தேன். பிறகு வாட்ச் விண்டோவில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன். சைரனைத் தீர்மானிக்கிற எண்ணிலிருந்து கட்டங்களின் கூட்டுத்தொகையைக் கழித்தால் என்ன வரும் என்று காட்டுகிற வரி. என்ன நடந்தாலும் அது சைபராகவே இருக்க வேண்டும்.

"இப்ப நீ பேட்டரியக் கழட்டு. எத்தன தடவ வேணும்னாலும் கழட்டு."

அவள் அதை நன்றாகவே செய்தாள். தண்ணீர் ஊற்றுகிற நடுவில் கழற்றினாள், மணி மாறுகிற நேரம் பார்த்துக் கழற்றினாள், மாட்டிய கையோடு மறுபடி கழற்றினாள். நாலு தடவை பொய்யாக ஓடவிட்ட ஆத்திரம் எல்லாம் அந்த வயர்மேல் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் பெட்டி எழுந்தவுடன் அந்தப் புது வரியில் சைபர் நின்றது. அவளுக்குப் போதும் என்று ஆகிற வரைக்கும் நான் விட்டுவிட்டேன். பிறகு சைரன் வயரைத் திரும்ப மாட்டினேன். பெட்டி அணைந்து கிடக்கிற நேரத்தில் பெய்கிற மழை கணக்கில் வராது, அதற்குப் பெரிய பேட்டரிதான் வழி என்று முதலாளிக்கு அன்றைக்கே எழுதினேன். மறுபேச்சில்லாமல் அனுப்பிவைத்தார்.

அதன் பிறகு கிழமைக் கணக்கில் சைரன் ஊதவே இல்லை. பனி வந்து போனது, தூறல் வந்து போனது, அது சத்தமே போடவில்லை. லயத்தில் இப்போது வேறு கதை ஓடியது. நான் அதை ஊமையாக்கிவிட்டேனாம். அம்மாவுக்கும் அதே எண்ணம்தான். தோழி கோயில் முன்றிலில் ஆட்களைக் கூட்டி, தான் கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறாள். அறுபத்திரண்டு மேலே நின்றதையும் கீழே எல்லாம் சைபராகக் கிடந்ததையும் தன் கையால் பேட்டரியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்ததையும் சொல்லி, இனி ஊதினால் அது அன்றைய மழைக்குத்தான் ஊதும் என்றாளாம். சிலர் நம்பினார்கள். மற்றவர்கள் அவளுக்காகத் தலையாட்டினார்கள்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். முந்தின நாள் மாலையிலிருந்தே விட்டு விட்டு மழை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வானம் கறுத்துக்கொண்டு இடியோடு இறங்கியது. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. லெப்டொப்பை ரெயின்கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு மடுவத்துக்குப் போனேன். எனக்கு முன்பே தோழி அங்கே வந்து நின்றாள். கேபிளைச் செருகி வாட்ச் விண்டோவைத் திறந்தேன். பெட்டியை நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டே இருக்க, எண்களை மட்டும் பார்த்தோம். முந்தின மாலையின் கட்டங்கள் ஒவ்வொன்றும் தங்கள் பங்கைச் சொல்லிக்கொண்டு நின்றன. அந்த மணித்தியாலத்துக் கட்டம் சிவப்பிலிருந்து மீளவே இல்லை. கழித்துப் பார்க்கிற வரியில் சைபர் இருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"இப்படியே பெஞ்சா அரை மணித்தியாலம்கூட ஆகாது."

நிச்சயமா என்று அவள் கேட்கவில்லை. சத்தம் வருகிற வரைக்கும் காத்திருக்கவும் இல்லை. நடக்க முடியாதவர்களையும் கைப்பிள்ளைக்காரிகளையும் இப்போதே எடுத்துவிடுகிறேன், மற்றவர்கள் சைரனுக்கு வருவார்கள் என்று சொல்லிவிட்டுக் குடையைக்கூட எடுக்காமல் லயத்தைப் பார்த்துப் போனாள். நான் பின்னால் ஓடினேன். அவள் மேல் கோடியிலிருந்து தட்டத் தொடங்கினாள். நான் அம்மா இருக்கிற வீட்டுக்கு, எங்கள் காம்பராவுக்குப் போனேன்.

அம்மா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடச் சொன்னேன்.

"ஊதட்டும், பாப்போம்" என்றார்.

"ஊதும்மா. நான் பாத்துட்டுத்தான் வர்றேன். இப்ப ஊதப்போவுது."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. பஸ் வருகிறது என்று சொல்வது போலத்தான் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். சட்டியை மூடினார். "மிஷினுக்காக ஒண்ணும் வரல. நீ சொல்றதுக்காகத்தான் வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறபோது சைரன் ஊதியது. பூட்டிலிருந்து கையை எடுக்காமல் ஒரு கணம் நின்றார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.

சனம் வந்தது. மேல் கோடியில் பாட்டிமாரைத் தூக்கிக்கொண்டு இளந்தாரிகள் போவதைப் பார்த்துவிட்டே பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள். சத்தத்தைக் கேட்டு மற்றவர்களும் வந்தார்கள். வர மறுத்த ஒரு குடும்பத்தைத் தோழி வாசலில் நின்று விசில் ஊதியே கிளப்பிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் வகுப்பறை வகுப்பறையாக நின்று ஒவ்வொரு காம்பராவின் ஆட்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லாரும் இருந்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் மலை இறங்கியது. பெரிய இடி இடித்தது போல இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. யாரோ பெரிய தார்ப்பாய்ப் படங்கு ஒன்றைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது போல நீளமாக ஒரு சத்தம். பிறகு ஏதோ முறிகிற சத்தம். பனியும் மழையும் மறைத்ததால் ஒன்றும் தெரியவில்லை. காலையில் போய்ப் பார்த்தபோது லயத்தின் கடைசி மூன்று காம்பராக்களின் பின்சுவர் இல்லை. குசினியும் அடுப்பும் இருந்த இடமெல்லாம் சிவப்பு மண்ணும் வேரோடு வந்த தேயிலைச் செடிகளும் குவிந்து கிடந்தன. எங்கள் காம்பராவின் சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. ஒரு ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முந்தின மாலை அந்தச் சத்தம் கேட்டபோது ஜன்னலுக்கு ஓடினேன். கணக்குச் சரி என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும், அந்தச் சுவர்களுக்குப் பின்னால் யாரெல்லாம் தூங்குவார்கள் என்று மனம் ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே போனது. தோழி வகுப்பறை மூலையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். யாரும் அவளிடம் போகவில்லை, அழவிட்டார்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இன்னும் தேத்தண்ணி குடிக்காதவங்க யாரு என்று கேட்டாள். எங்கள் அம்மா அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, முதலில் அவளுக்கு ஊற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த லயத்தில் யாரையும் குடியிருக்க விடவில்லை. சனம் பள்ளிக்கூடத்திலும் அப்புறம் தகரக் கொட்டில்களிலும் இருந்து, இப்போது டவுன் பக்கத்து மேட்டில் புது வீடுகளுக்கு அத்திவாரம் வெட்டியிருக்கிறார்கள். கதவு நிலை வைத்தால்தான் நம்புவோம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். அம்மா ஹட்டனில் என்னோடு இருக்கிறார். மாடியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைக்க முடியாத வீடு ஒரு வீடா என்று கேட்டுவிட்டு, பெயின்ட் வாளியில் மூன்று செடி வளர்க்கிறார்.

நடந்ததை முதலாளியிடம் சொன்னேன். வெளியே போயிருக்கிற எல்லாப் பெட்டிகளிலும் அதே திருத்தத்தைச் செய்ய வேண்டும், நீயே நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். கொத்மலைப் பக்கம் சில தோட்டங்களில் பெட்டிகள் இருக்கின்றன, பொல்பிட்டியவுக்கு மேலேயும் ஒன்று இருக்கிறது. நிரலை நான் மாற்றிவிடலாம், ஆனால் அந்தந்த லயத்துச் சனங்களை என்னால் நம்பவைக்க முடியாது, அதற்கு ஒரு ஆள் வேண்டும் என்றேன். யார் என்று கேட்டார். சொன்னேன். சம்பளம் போட்டுக் கூட்டிக்கொண்டு போ என்றார்.

முதல் பயணம் கொத்மலைக்கு. நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே குழுத் தலைவராக இருந்தவர், பொய்ச் சைரனுக்கு ஓடி ஓடிக் களைத்துப்போன ஒரு பெரியவர். எங்களைக் கண்டதும், திருத்த வேண்டாம், கழற்றிக்கொண்டு போனால் போதும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தோழி அவரை மேசைக்கு முன்னால் உட்கார வைத்து, வாட்ச் விண்டோவில் எந்த வரி மொத்தம், எந்த வரி கட்டம் என்று காட்டத் தொடங்கிவிட்டாள். நான் ஏணியைச் சாய்த்து வைத்தேன். அன்று மாலை திரும்பி வருகிற பஸ்ஸில் என்னிடம் ஒரு நிபந்தனை சொன்னாள். இந்த வேலைக்குத் தொடர்ந்து வர வேண்டுமென்றால் கம்பனி அவளுக்கு முழங்கால் வரைக்கும் வருகிற பூட்ஸ் ஒரு சோடி வாங்கித் தர வேண்டுமாம். காலில் அட்டை கடித்த இடங்களைக் காட்டினாள். அடுத்த கிழமையே வாங்கிக் கொடுத்தேன்.